ஏழு மாதம் வலப்பக்கம் இழுத்த கார்

சென்ற ஆண்டு ஆடி மாதக் கடைசியில் சென்னையில் ஒருவரிடம் பழைய ஆர்சி கார், அதாவது ரிமோட்டில் ஓட்டும் பொம்மைக் கார் ஒன்றை வாங்கினேன். நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவு, நாலு சக்கரமும் ஓடும் டூரிங் கார், பேட்டரியில் ஓடுவது. மகனுக்கு என்று வீட்டில் சொன்னேன். மகனுக்கு அப்போது வயது நாலு. என் மனைவி ஒன்றும் கேட்கவில்லை, காரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். நான் கடலூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். வீடு தேவனாம்பட்டினத்தில், சில்வர் பீச்சுக்குப் போகும் வழியில். இந்த ஊரில் இந்தக் கார் வைத்திருக்கிற வேறு ஒருவரையும் எனக்குத் தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் பட்ட பாட்டில் பாதி, பக்கத்தில் நின்று ஒரு ஆள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இல்லாமல் போயிருக்கும்.

ஓட்டுவதற்கு இடம் கிடைப்பதே முதல் பாடு. மஞ்சக்குப்பம் மைதானம் மண் தரை, இந்தக் காரின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே இருப்பது ஆறு மில்லிமீட்டர்தான், அங்கே போனால் மண் அள்ளும் இயந்திரம் ஆகிவிடும். புதுச்சேரி சாலைப் பக்கம் மனை போட்டு விற்காமல் கிடக்கும் ஒரு நகரில் தார் ரோடு நன்றாக இருந்தது. ஆடுகளும் இரண்டு நாயும் தவிர யாரும் வருவதில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமையே கொண்டுபோய் ஓட்டினேன். நேராக விட்டால் வலப்பக்கம் இழுத்தது. முப்பது அடி போவதற்குள் ரோட்டை விட்டு இறங்கி, ஒரு மனையின் எல்லைக் கல்லில் போய் மோதியது. இந்த இடியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

இழுக்கிறது என்றால் என்ன செய்வோம்? ரிமோட்டில் ஸ்டியரிங் ட்ரிம் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை இடப்பக்கம் நாலு தட்டு தட்டினேன். நேராகப் போனது. பிரச்சினை தீர்ந்தது என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். அடுத்த வாரம் வேகம் கூட்டி ஓட்டினால் மறுபடி வலப்பக்கம். இன்னும் ஆறு தட்டு. மெதுவாகப் போகும்போது இப்போது இடப்பக்கம் போக ஆரம்பித்தது. அதோடு இடப்பக்கம் முழுவதும் ஒடித்தால் சர்வோவிலிருந்து வண்டு மாதிரி ஒரு சத்தம். சர்வோ என்பது ஸ்டியரிங்கைத் திருப்பும் சின்ன மோட்டார் பெட்டி. ஓட்டி முடித்துத் தொட்டுப் பார்த்தால் சுட்டது. பழைய சர்வோ, போய்விட்டது என்று முடிவு கட்டி 2,850 ரூபாய்க்குப் புதிது வாங்கிப் போட்டேன். அதிலும் அதே வண்டு.

இப்போது யோசித்தால் காரணம் சாதாரணம். ட்ரிம்மை இடப்பக்கம் தள்ளத் தள்ள, சர்வோவின் நடுநிலையே இடப்பக்கம் நகர்ந்துவிட்டது. அந்தப் பக்கம் முழுதாக ஒடிக்கும்போது சக்கரம் முட்டுகிற இடத்தையும் தாண்டித் தள்ளப் பார்க்கிறது. முட்டிக்கொண்டு முனகுவதுதான் அந்தச் சத்தம். எந்தச் சர்வோ போட்டாலும் முனகும். ஆகவே உங்கள் காரில் ட்ரிம் நாலைந்து தட்டுக்கு மேல் தேவைப்படுகிறது என்றால் ரிமோட்டைக் கீழே வையுங்கள், எங்கோ இரும்பு கோணலாக இருக்கிறது. அது மாதிரி, மெதுவான வேகத்தில் முழுதாக ஒடித்து இடம் ஒரு வட்டம், வலம் ஒரு வட்டம் போட்டு சாக்பீஸால் குறித்துப் பாருங்கள். இரண்டு வட்டமும் ஒரே அளவாக இல்லாவிட்டால் கார் நேராக ஓடுவது வெறும் நடிப்பு. என் காருக்கு இரண்டுக்கும் ஒரு அடிக்கு மேல் வித்தியாசம் இருந்தது. அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

புதுச் சர்வோ மாட்டினதிலும் ஒரு தப்பு செய்தேன். சர்வோவின் அச்சில் பல் பல்லாக இருக்கும், அதன் மேல்தான் ஹார்ன் என்கிற கைபோன்ற துண்டு உட்காரும். என்னுடையது 25 பல். அப்படியென்றால் ஒரு பல் தள்ளி மாட்டினால் 14.4 டிகிரி மாறிவிடும். நான் பேட்டரி போடாமல், கண்ணுக்கு நேராகத் தெரிகிற இடத்தில் மாட்டிவிட்டேன். கரெண்ட் வந்ததும் சர்வோ தன் நடுவுக்குப் போய் நின்றது, அது வேறு இடம். சரியான முறை இது: முதலில் ரிமோட்டையும் காரையும் ஆன் செய்து, ட்ரிம், சப்ட்ரிம் (சர்வோவின் நடுவை ரிமோட்டுக்குள்ளேயே நகர்த்தி வைக்கும் இன்னொரு அமைப்பு) இரண்டையும் பூஜ்யத்தில் வைத்து, சர்வோ தானாக நடுவில் நின்ற பிறகு ஹார்னை மாட்ட வேண்டும். பெரும்பாலும் அப்போதும் அச்சாக நேரே நிற்காது. எந்தப் பல்லில் கோணல் குறைவோ அதில் மாட்டிவிட்டு, மிச்சத்தை மட்டும் சப்ட்ரிம்மில் சரிசெய்ய வேண்டும். ட்ரிம் பூஜ்யத்திலேயே இருக்கட்டும். இன்னொன்று, சர்வோ மாற்றும்போது ஹார்னையும் பார்த்து வாங்குங்கள். 23 பல், 24 பல் என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒன்று மற்றொன்றில் உட்காராது.

அப்புறம் டயர். வலது பின் சக்கரத்தின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்துகொண்டே வந்தது. மற்ற மூன்றும் உள் ஓரம் தேய்ந்தன, அது இயல்பு, ஏனென்றால் சக்கரத்தின் மேல்பக்கம் கொஞ்சம் உள்ளே சாய்ந்திருக்கும்படிதான் வைப்பார்கள். இந்தச் சாய்வுக்குக் கேம்பர் என்று பெயர். டூரிங் காருக்கு மைனஸ் ஒன்று முதல் இரண்டு டிகிரி வரை வழக்கம். வெளி ஓரம் தேய்கிறதே, அப்போது அந்தச் சக்கரத்துக்குக் கேம்பர் போதவில்லை என்று நானே தீர்ப்புச் சொல்லி, அதை மட்டும் இன்னும் உள்ளே சாய்த்தேன். ஒரு செட் டயர் 1,900 ரூபாய். இரண்டு செட் போனது. நடுவே 1,450 ரூபாய்க்கு ஒரு கைரோ வேறு. கார் தானாகத் திரும்பினால் அதுவே உணர்ந்து எதிர்ப்பக்கம் ஒடிக்கும் கருவி. அதைப் போட்டதும் கார் நேராகப் போனது, ஆனால் பின்பக்கம் நாய் வாலாட்டுவது போல ஆடியபடி. நோயாளிக்கு வலி தெரியாமல் ஊசி போட்டு ஓட விட்ட கதைதான்.

ஐப்பசியும் கார்த்திகையும் மழையில் போயின. கடலூர் மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஓட்ட முடியாத அந்த இரண்டு மாதம்தான் அளக்கலாம் என்ற புத்தி வந்தது. பூஜ்யம் புள்ளி ஒரு டிகிரி வரை காட்டும் டிஜிட்டல் கோணமானி ஒன்று 1,200 ரூபாய்க்கு வாங்கினேன். வீட்டு வராண்டாவில் காரை வைத்து முன் சக்கரங்களில் வைத்துப் பார்த்தால், இடது மைனஸ் 0.6, வலது மைனஸ் 2.4. அப்பா, கண்டுபிடித்துவிட்டேன்! கை நடுங்கிவிட்டது உண்மையிலேயே. உட்கார்ந்து இரண்டையும் மைனஸ் 1.5க்குக் கொண்டுவந்தேன். மழை விட்ட ஒரு காலையில் ஓட்டிப் பார்த்தால் முன்பைவிட மோசம். வளைவில் ஒரு பக்கம் கடிக்கிறது, மறுபக்கம் வழுக்குகிறது. அன்று காரை அட்டைப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டேன். மார்கழி முழுக்க அதைப் பற்றிப் பேசவில்லை. விற்றுவிடலாமா என்று மனைவி கேட்டதற்குக் கோபப்பட்டேன், அது தேவையில்லாத கோபம்.

தை பிறந்ததும் மொட்டை மாடி ஒழுகலைப் பார்க்க ஒரு மேஸ்திரி வந்தார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். அன்று எனக்கு நைட் ஷிப்ட் முடிந்த பகல். எதற்கோ காரைக் கீழே இறக்கி வராண்டாவில் வைத்துக்கொண்டிருந்தேன். டீ குடிக்க உட்கார்ந்தவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“என்ன தம்பி அளக்கிறீங்க?”

“சக்கரம் சாய்வு, மேஸ்திரி. ரெண்டு பக்கமும் சரியா இருக்கணும்.”

“இந்தத் தரையிலயா? வாசப்பக்கம் வாட்டம் விட்டில்ல போட்டிருக்கு. மழைத்தண்ணி எப்படி வெளிய போகும்?”

எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. வராண்டா என்றால் வாட்டம் இருக்கும் என்று தெரியாதவனா நான்? வாளி கவிழ்ந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று தினமும் பார்க்கிறேனே. அவர் தன் ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தார். குமிழி ஒரு பக்கம் ஓடியது. பிறகு அதை அப்படியே திருப்பி, தலை மாற்றி வைத்தார். குமிழி மறுபடியும் வாசலுக்கு எதிர்ப்பக்கமே போனது. எதற்குத் திருப்பினீர்கள் என்றேன். “மட்டம் பொய் சொல்லுதா, தரை பொய் சொல்லுதான்னு பாக்க வேணாமா? திருப்பி வச்சா தெரிஞ்சிடும்” என்றார். டீயைக் குடித்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

நான் அங்கேயே காரைத் தலை மாற்றித் திருப்பி வைத்தேன். இடது மைனஸ் 3.3, வலது பிளஸ் 0.3. திருப்புவதற்கு முன் இரண்டும் மைனஸ் 1.5 காட்டிய அதே கார். இரண்டு அளவையும் கூட்டிப் பாதியாக்கினால் தரையின் பொய் கழிந்துவிடும். இடது உண்மையில் மைனஸ் 2.4, வலது மைனஸ் 0.6. தரையில் இருந்த வாட்டம் 0.9 டிகிரி, மீட்டருக்கு ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அதாவது முதலில் இரண்டு பக்கமும் சரியாகவே இருந்த முன் சக்கரங்களை நானே உட்கார்ந்து, கவனமாக, பொறுமையாகக் கெடுத்திருக்கிறேன்.

இந்தத் திருப்பி வைக்கும் வேலையை அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் செய்கிறேன். ரோட்டையும் திருப்பிப் பார்க்க வேண்டும். தார் ரோடு நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும்தான் போடப்படுகிறது (அந்தச் சரிவுக்கும் சாலைப் பொறியாளர்கள் கேம்பர் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்). ரோட்டின் ஒரு ஓரமாக ஓட்டினால் ஒழுங்கான காரும் சரிவுப் பக்கம் இறங்கும். அதே தடத்தில் போகும்போது ஒருமுறை, எதிர்த்திசையில் வரும்போது ஒருமுறை பாருங்கள். போகும்போது வலப்பக்கமும் வரும்போது இடப்பக்கமும் இழுத்தால் குற்றம் ரோட்டின் மேல். இரண்டு திசையிலும் ஒரே பக்கம் இழுத்தால்தான் காரைச் சந்தேகப்படலாம். சக்கரத்தையும் அப்படியே. பிளாஸ்டிக் சக்கரங்கள் கொஞ்சம் கோணி இருக்கும். ஒருமுறை அளந்து, சக்கரத்தை அரைச் சுற்று சுற்றி மறுபடி அளந்தால் வேறு எண் வரும். இரண்டின் சராசரிதான் உண்மை.

தரைக்கு மாற்றாக நெல்லிக்குப்பம் சாலையில் ஒரு கிரானைட் கடையில் வெட்டிப் போட்ட துண்டு ஒன்று கேட்டேன். இரண்டடிக்கு ஒன்றரை அடி, நன்றாகப் பாலிஷ் ஏற்றியது, 150 ரூபாய். கடைக்காரர் சமையல் மேடைக்கா என்றார், ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அடியில் தீப்பெட்டி அட்டையை மடித்துக் கொடுத்து ரசமட்டத்தில் நேராக்கினேன். கோணமானியையும் முதலில் அந்தக் கல்லின் மேல் வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டுத்தான் சக்கரத்தில் வைக்க வேண்டும். பலகை வேண்டாம், நம் ஊர்க் கடல்காற்றில் ஒரே மாதத்தில் முறுக்கிக்கொள்ளும்.

சக்கரத்துக்கு மாற்றாக, திருப்பாப்புலியூரில் பெயர்ப்பலகை செய்கிறவரிடம் அக்ரிலிக் ஷீட்டில் நாலு வட்டம் வெட்டி வாங்கினேன், ஒன்று 60 ரூபாய். நடுவில் 4 மில்லிமீட்டர் துளை, டயரைக் கழற்றிவிட்டு அச்சில் இதை நட்டு போட்டு இறுக்கிக்கொள்ளலாம். வட்டத்தின் விட்டம் 115 மில்லிமீட்டர் என்று கேட்டு வாங்கினேன். அதில் ஒரு கணக்கு இருக்கிறது. அந்த அளவுக்கு ஒரு டிகிரி சாய்ந்தால் விளிம்பில் சரியாக 2 மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். ஸ்கேலில் மில்லிமீட்டரைப் பார்த்து இரண்டால் வகுத்தால் டிகிரி. வெறும் டயரில் அளந்தால் விட்டம் 64 தான், டிகிரிக்கு 1.1 மில்லிமீட்டர், டயர் ரப்பரின் உப்பலிலேயே அந்த அளவு காணாமல் போய்விடும். அக்ரிலிக் இன்னொரு விதத்திலும் நல்லது, கல்லின் மேல் வழுக்கும். டயராக இருந்தால் தரையைப் பிடித்துக்கொண்டு சஸ்பென்ஷன் அதன் இயல்பான இடத்துக்கு இறங்காது. எப்படியானாலும் காரை ஒருமுறை அமுக்கி விட்டு, முன்னும் பின்னும் உருட்டிவிட்டு அளக்கவும். பேட்டரி உள்ளே இருக்கட்டும். கழற்றி வைத்து அளந்தால் எடை மாறி, எல்லா எண்ணும் வீண்.

பிறகு வரிசை. இதை நான் தலைகீழாகச் செய்து நாள்களைத் தொலைத்தேன். எங்கெங்கே ஆட்டம் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்: பேரிங், பால் ஜாயின்ட், தளர்ந்த ஸ்க்ரூ. அப்புறம் குலுக்கலைத் தாங்கும் ஷாக்குகளின் நீளம், காரின் உயரம். அதற்குப் பின் சர்வோவின் நடு, அதிலிருந்து சக்கரத்துக்குப் போகும் இரண்டு கம்பிகளும் ஒரே நீளமா என்று காலிபரில் அளப்பது. பிறகு கேம்பர். டோ கடைசி. டோ என்பது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளே திரும்பியிருக்கின்றனவா வெளியேவா என்பது. கேம்பரைத் தொட்டால் டோ மாறும் என்பதால்தான் அதைக் கடைசியில் வைக்க வேண்டும். திருகும் கம்பிகளுக்கு டர்ன்பக்கிள் என்று பெயர், ஒரு முனை வலமரை, மறுமுனை இடமரை. இடமரை முனையில் சின்னக் கோடு வெட்டியிருக்கும். எல்லாக் கம்பியிலும் அந்தக் கோடு காரின் ஒரே பக்கம் இருக்கும்படி மாட்டிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒன்றை முன்னால் திருகினால் நீளும், மற்றொன்று குறுகும், பைத்தியம் பிடிக்கும். 3 மில்லிமீட்டர் கம்பியில் ஒரு முழுச் சுற்றுக்கு இரண்டு முனையும் அரை அரை மில்லிமீட்டராகச் சேர்ந்து ஒரு மில்லிமீட்டர் மாறும். என் காரில் அரைச் சுற்றுக்கே கேம்பர் ஏறத்தாழ ஒரு டிகிரி போய்விடுகிறது. கால் சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் திருகாதீர்கள்.

முன்பக்கம் எல்லாம் ஒரு வாரத்தில் சரியாயிற்று. சர்வோவும் முனகவில்லை. ஆனாலும் கார் வலப்பக்கம் இழுத்தது, வேகம் கொடுக்கும்போது கூடுதலாக. அப்போதுதான் பின்பக்கம் டோவை அளக்கவே இல்லை என்று உறைத்தது. பின்பக்கம் ஸ்டியரிங் இல்லையே, அங்கே என்ன கெட்டுப்போகும் என்று நினைத்திருந்தேன். கல்லின் நடுவே மார்க்கரால் ஒரு கோடு போட்டு, காரின் நடுவை முன்னும் பின்னும் அந்தக் கோட்டில் நிறுத்தி, ஒவ்வொரு வட்டத்தின் முன் விளிம்பும் பின் விளிம்பும் கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று மூலைமட்டம் வைத்து அளந்தேன். இடது பின் சக்கரத்தில் முன் விளிம்பு 6 மில்லிமீட்டர் உள்ளே, அதாவது 3 டிகிரி, கையேட்டில் உள்ளபடியே. வலது பின் சக்கரத்தில் 9 மில்லிமீட்டர். நாலரை டிகிரி. வலது பின் சக்கரம் அளவுக்கு மேல் உள்ளே திரும்பினால் காரின் பின்பாகத்தை இடப்பக்கம் தள்ளும், மூக்கு வலப்பக்கம் போகும். வெளி ஓரம் தேய்ந்ததும் இதனால்தான். கேம்பருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

பின்பக்க டோ இந்தக் காரில் திருகி மாற்றுவது அல்ல, சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம் என்ற கையைப் பிடிக்கும் கட்டைகளிலேயே வந்துவிடும். அப்படியானால் எது மாறியது? ஷாக்கைக் கழற்றிவிட்டு ஆர்மைத் தூக்கி விட்டேன். இடது ஆர்ம் சொத்தென்று விழுந்தது. வலது பாதியில் நின்றது. அதன் கீல் கம்பியை உருவி எடுத்துக் கிரானைட் கல்லில் உருட்டினேன். தக், தக், தக் என்று நொண்டியபடி உருண்டது. வளைந்த கம்பி. எல்லைக் கல்லில் மோதியபோது வளைந்ததா, வாங்கும்போதே வளைந்திருந்ததா, இன்றுவரை விளங்கவில்லை. மோதுவதற்கு முன்பே இழுத்தது என்பதால் விற்றவர் மேல் ஒரு சந்தேகம் உண்டு, ஆனால் அது ரோட்டுச் சரிவாகவும் இருந்திருக்கலாம். பழைய கார் வாங்குகிறவர்கள் ஓட்டிப் பார்ப்பதற்கு முன் நாலு ஷாக்கையும் கழற்றி, நாலு ஆர்மும் தன் எடைக்கே விழுகின்றனவா என்று பார்த்துவிடுங்கள், பத்து நிமிட வேலை. கடலோரத்தில் இருப்பவர்கள் மாதம் ஒருமுறை இந்தக் கம்பிகளை உருவித் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். துருப்பிடித்தாலும் இதே போலத்தான் பாதியில் நிற்கும்.

புதுக் கம்பி ஒரு ஜோடி 220 ரூபாய், கூரியர் 90. கல், வட்டங்கள் எல்லாம் சேர்த்தால் காரைச் சரிசெய்த செலவு 700 ரூபாய். அதற்கு முன் சர்வோ, டயர், கைரோ என்று போனது 8,100. கோணமானியை நஷ்டத்தில் சேர்க்கவில்லை, அது பாவம், நான் வைத்த இடத்தில் சரியாகத்தான் அளந்தது.

மாசி மகத்துக்கு முந்தின ஞாயிறு மறுபடி அந்த மனைப்பிரிவுக்குப் போனேன். மகனும் வந்தான். ட்ரிம் பூஜ்யம், கைரோ கழற்றியாகிவிட்டது. போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை ஓட்டினேன். ரோட்டின் நடு மேட்டில் விட்டபோது ஸ்டியரிங்கைத் தொடாமல் எண்பது அடி போனது. பிறகு சாக்பீஸில் இரண்டு வட்டம். டேப் பிடிக்க மகனை நிறுத்தினேன். இரண்டுக்கும் நடுவே இரண்டு விரல்கடைதான் வித்தியாசம். அதையும் அடுத்த ஞாயிறு ரிமோட்டில் எண்ட்பாயின்ட், அதாவது சர்வோ எதுவரை ஒடிக்கலாம் என்ற எல்லையை மாற்றிச் சரிசெய்துவிட்டேன். மகன் அதற்குள் வட்டத்துக்குக் கண், மூக்கு எல்லாம் போட்டுவிட்டான்.